பன்னிரண்டாவது கிணறு

கல்முனைக்குடி
2008 பெப்ரவரி 12

என் மகள் றுக்ஸானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மா நல்ல சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முந்தியே சேதி சொல்கிறது. நீ உன் சுகத்தை "நலம்" என்று ஒரு சொல்லில் முடிக்காமல், என்ன சாப்பிட்டாய், அந்தக் கனடாக் குளிருக்கு என்ன உடுத்தாய் என்று எழுது. போனில் நீ "நல்லா இரிக்கன்" என்கிறாய். கொமியூனிகேஷன் கடையில் எனக்குப் பின்னால் நாலு பேர் நிற்கும்போது நானும் அதையேதான் சொல்கிறேன். மற்றதெல்லாம் கடிதத்தில்தான் கதைக்க ஏலும்.

இந்த மாசத்து இலக்கங்கள் தனித்தாளில் இருக்கின்றன. சுனாமியில் உப்பேறின கிணறுகளைப் பற்றித்தான் படிக்கப் போகிறேன் என்று போன ஓகஸ்டில் நீ வந்து, பன்னிரண்டு கிணற்றுக்கும் மையால் இலக்கம் போட்டு, உப்பு அளக்கிற அந்த மெஷினை என் கையில் தந்தாய். "உம்மா, வயரத் தண்ணிக்குள்ள உடுங்க. இலக்கம் ஆடாம நிண்டதும் எழுதுங்க. ஆயிரத்துக்குக் கீழ எண்டா குடிக்கலாம், ஆயிரத்தைந்நூறுக்கு மேல எண்டா உப்பு" என்றாய். அந்தப் பாடத்தில் ஒன்றையும் நான் மறக்கவில்லை.

இந்த முறை பாண்டிருப்புக்குப் போகிற வழியில் செக்பொயின்டில் மறித்தார்கள். வயர் தொங்குகிற மெஷினைக் கண்டதும் சிப்பாய் இரண்டு அடி பின்னால் போய்விட்டான். எனக்குத் தெரிந்த சிங்களம் நாலு சொல். தண்ணிக்கு அவர்கள் சொல்கிற சொல்லால் "வத்துர மாத்தயா, வத்துர" என்று சொல்லி, அவனுடைய போத்தல் தண்ணிக்குள்ளேயே வயரை விட்டுக் காட்டினேன். 210 என்று வந்தது. "ஹொந்தய், நல்லது!" என்றேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். மறுகா மற்றவனும் தன் போத்தலைக் கொண்டு ஓடி வந்தான். இப்போது என்னைத் தூரத்தில் கண்டாலே "வத்துர அம்மா" என்கிறார்கள்.

ஒரு நல்ல சேதி. எட்டுக் கிணற்றில் உப்பு அப்படியே நிற்கிறது. நாலு கிணற்றில் இறங்கி வருகிறது: அரிசிக்கடைக் கச்சிமுகம்மதுவின் நாலாம் கிணறு, முகம்மது தம்பியின் ஆறாம் கிணறு, பாண்டிருப்புச் செல்லத்தங்கத்தின் ஒன்பதாம் கிணறு, பன்னிரண்டாவது எங்கட கிணறு. ஓகஸ்டில் நீ அளக்கும்போது எங்களுடையது 3,050. இப்போது 2,300.

கச்சிமுகம்மதுவின் மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள். உனக்கும் பேசலாம்தான். நீ படிப்பை முடி.

துஆவுடன் உன் உம்மா,
சபியா உம்மா


ஒன்ராறியோ
2008 மார்ச் 9

அன்பு உம்மாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

நீங்கள் கேட்டபடி: காலையில் பாணும் முட்டையும், இரவு சோறும் டின்மீனும். இரண்டு கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஒரு பெரிய கோட். போதுமா?

உங்கள் தாள் வந்த அன்று பேராசிரியர் அதைச் சுவரில் ஒட்டி வைத்தார். உங்கள் ஏழு அவருக்கு ஒன்று மாதிரித் தெரிகிறதாம். மற்றபடி இந்த ஆய்வுகூடத்தில் அதைவிடச் சுத்தமான தாள் இல்லை என்றார்.

உம்மா, ஒரு விஷயம் விளங்கப்படுத்த வேண்டும். இந்த நாட்டு அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறது. அது கிடைத்தால் நம் கிணறுகளை அளப்பதோடு நில்லாமல், உப்பை இறக்குவதற்கும் வழி பார்க்கலாம். ஆனால் அதற்கு மனுப்போட இந்த நாட்டுக் குடிமகளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரந்தர வதிவிடம் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது படிக்க வந்தவளின் விசா. பேராசிரியர் தன் பெயரில் போடலாம் என்கிறார். நல்ல மனிதர். ஆனால் அப்படிப் போட்டால் கிணறுகள் அவருடையதாகிவிடும், நான் அவரிடம் வேலை செய்கிறவளாகிவிடுவேன்.

அதனால் வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். இருப்பிடச் சான்றும் பொலிஸ் நற்சான்றும் கேட்கிறார்கள். நம் கிராமத்து விதானையார்தானே எழுதித் தர வேண்டும், அவரிடம் போவீர்களா?

அன்பு மகள்,
றுக்ஸானா


கல்முனைக்குடி
2008 ஏப்ரல் 20

மகள் றுக்ஸானாவுக்கு, ஸலாம்.

சுகத்துக்குக் குறைவில்லை. டின்மீன் சாப்பிடுவதை நிறுத்து. கடலோரத்தில் பிறந்த பிள்ளை.

விதானையாரிடம் மூன்று தரம் போனேன். முதல் நாள் ஆளில்லை. இரண்டாம் நாள் கூட்டம். மூன்றாம் நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொல்கிறார்:

"சபியா உம்மா, ஒங்கட மகள் இஞ்ச வதியல்லியே. நாலு வருசமா வெளிநாடு. இருப்பிடச் சான்று எப்பிடித் தாற?"

"அவ படிக்கப் போனவ. வதியப் போகல்ல."

"அப்ப அங்க இரிக்கிறாவெண்டு அங்கயே எழுதி வாங்கச் சொல்லுங்க."

"அங்கயும் இதத்தான் சொல்றாங்க, இஞ்ச வாங்கிட்டு வரச் சொல்லி. அங்கயும் என்ட மகள் ஊராள் இல்ல, இஞ்சயும் ஊராள் இல்ல எண்டா, அவ என்ன கடலுக்குள்ளயா இரிக்கா?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. விதானையாரின் மனைவியும் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை போனவதான், உன் வாப்பா போன அதே காலையில். அவர் கண்ணாடியைப் போட்டார், பேனையை எடுத்தார். "பிறந்தது முதல் 2004 செப்டம்பர் வரை இவ்விலாசத்தில் வதிந்தவர்" என்று எழுதி, முத்திரையை இரண்டு தரம் அழுத்திக் குத்தித் தந்தார். நான் எழும்பி வரும்போது, "புள்ளக்கி என்ட ஸலாத்தச் சொல்லுங்க" என்றார்.

பொலிஸிலிருந்தும் ஒருவர் வீட்டுக்கு வந்து நீ நல்ல பிள்ளையா என்று விசாரித்தார். நல்ல பிள்ளைதான், கடிதம்தான் எழுதமாட்டாள் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டாரோ தெரியாது.

எல்லாம் இதனுடன் வருகின்றன. வதிவிடம் என்று நீ எழுதின சொல்லுக்கு "நிரந்தர" என்று ஒரு முன்சொல் இருக்கிறதே, அதன் கருத்து எனக்கு விளங்கும். ஐந்தாம் வகுப்பு என்றாலும் விளங்கும்.

துஆவுடன்,
உம்மா


ஒன்ராறியோ
2008 ஜூன் 3

அன்பு உம்மா,

நான் சுகம். இங்கே வெயில் வந்துவிட்டது, கோட்டைக் கழற்றிவிட்டேன். விதானையாரின் தாளைக் கண்டு அழுதேன், ஏனென்று கேட்காதீர்கள். விண்ணப்பம் போய்விட்டது. ஒரு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம்.

ஒரு கேள்வி. 4, 6, 9, 12 ஆகிய நாலு கிணறும் மாசாமாசம் ஒரே மாதிரி இறங்குகின்றன. பக்கத்துக் கிணறுகள் அசையவேயில்லை. இலக்கம் ஆடாமல் நின்ற பிறகுதானே எழுதுகிறீர்கள்?

உங்கள்,
றுக்ஸானா


கல்முனைக்குடி
2008 ஜூலை 6

மகள் றுக்ஸானாவுக்கு ஸலாம் கூறி எழுதுவது.

எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் கணக்குக்குத் தொண்ணூற்றாறு எடுத்தவள். என் வாப்பா மேலே படிக்க விட்டிருந்தால், இன்றைக்கு நீ எனக்குக் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டிருப்பாய், நான் உனக்குச் சுவரில் தாள் ஒட்டியிருப்பேன். இலக்கம் ஆடாமல் நின்ற பிறகுதான் கொப்பியைத் திறக்கிறேன். அதுக்கு மேல் என்ன செய்ய?

உன் நதீரா ராத்தா போன கிழமை வந்து நின்றாள். அவளுடைய மகள், என் பேத்தி, மெஷினின் வயரைப் பிடித்துத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விட்டுவிட்டாள். 1,120 காட்டியது. சீனி போட்டால் ஏறுமா? இதை உன் பேராசிரியரிடம் கேள்.

கச்சிமுகம்மதுவின் மூத்தவளுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்து, கிணற்றுக் கட்டுக்கும் சீமெந்து பூசியிருக்கிறார். நல்ல இடம். செல்லத்தங்கத்தின் தர்சினிக்கும் ஆட்கள் வந்து போகிறார்கள்.

இந்த மாச இலக்கங்களும் உள்ளே. எங்களுடையது 1,600.

உம்மா


ஒன்ராறியோ
2008 நவம்பர் 4

அன்பு உம்மாவுக்கு,

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு எழுதவில்லை என்று கோபமா? தடிமன் பிடித்துப் படுத்திருந்தேன், இப்போது சுகம். சீனிக்கு ஏறாது என்று பேராசிரியர் சொல்லச் சொன்னார். உங்கள் தேத்தண்ணித் தண்ணியிலேயே 1,120 இருந்திருக்கிறது.

நாலு கிணறு இப்போது இங்கே பெரிய கதை. எல்லோரும் கைவிட்ட ஒரு கடற்கரையில் நாலு கிணறு மட்டும் தாமாகவே மீளுகின்றன என்றால், மண்ணுக்குள் ஏதோ நடக்கிறது. அது என்னவென்று கண்டுபிடித்தால் மற்றக் கிணறுகளுக்கும் அதையே செய்யலாம். என் மனு முழுக்க இதில்தான் நிற்கப் போகிறது. முடிவுத் திகதி அடுத்த ஜூன் கடைசி. அதற்குள் வதிவிடக் கடிதம் வந்தால் என் பெயரில் போடலாம்.

நம் கிணறு 980 என்று கண்டதும் துள்ளினேன் உம்மா. வாப்பா வெட்டின கிணற்றில் திரும்பவும் குடிக்கலாம்.

றுக்ஸானா


கல்முனைக்குடி
2008 டிசம்பர் 14

அன்புள்ள மகளுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி போனது. உன் பங்கு இறைச்சியை விதானையார் வீட்டுக்குக் கொடுத்தேன். மழை விட்டபாடில்லை, முழங்காலும் விட்டபாடில்லை.

பெருநாளுக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வி. "றுக்ஸானாவுக்குப் பீ.ஆர். வந்திட்டா?" முதலில் எனக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாததைக் காட்டிக்கொள்ளாமல் "வருகுது, வருகுது" என்றேன். அதுதான் நீ கேட்டிருக்கிற வதிவிடம் என்று மறுகா விதானையார் சொன்னார். அது வந்தால் கொஞ்சக் காலம் அங்கேயே இருக்கத்தான் வேண்டுமாம். இல்லாவிட்டால் பறித்துவிடுவார்களாம். உண்மையா? எழுதத் தேவையில்லை, சும்மா கேட்டேன்.

மேற்குப் பக்க அறைக்கு ஓடு மாற்ற வேண்டும். அது உன்னுடைய அறை. மாற்றவா, அல்லது உள்ளதே போதுமா? அதை மட்டும் எழுது.

உம்மா


ஒன்ராறியோ
2009 பெப்ரவரி 2

அன்பு உம்மா,

நான் நலம். பனி முழங்கால் வரை. உங்கள் முழங்காலுக்கு இந்த ஊர் சரிவராது.

வதிவிடக் கடிதம் பற்றி இனி ஆரும் கேட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லுங்கள். நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

மனு எழுதத் தொடங்கிவிட்டேன். எட்டுக் கிணற்றில் மட்டும் வேலை செய்வோம், மீண்டுவிட்ட நாலையும் தொடத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறேன்.

ஓடு மாற்றுங்கள்.

றுக்ஸானா


ஒன்ராறியோ
2009 ஏப்ரல் 18

அன்பு உம்மாவுக்கு,

இரண்டு மாசமாகத் தாளும் இல்லை, கடிதமும் இல்லை. போனில் கேட்டால் "சுகம், சுகம்" என்று வைத்துவிடுகிறீர்கள். உடம்புக்கு ஏதுமா? மெஷின் பழுதா? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? ஒரு வரி போதும்.

றுக்ஸானா


கல்முனைக்குடி
2009 மே 24

என் கண்ணான மகள் றுக்ஸானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மெஷினுக்கும் ஒன்றுமில்லை. நீயும் ஒன்றும் தப்பாக எழுதவில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள். அடுத்த நாள் பாண்டிருப்புக்கு அளக்கப் போனேன். செல்லத்தங்கம் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. அவவின் தங்கச்சி குடும்பம் சண்டை நடந்த வன்னிக்குள். நான் கேட்க முதலே சொன்னா:

"ஒரு சேதியும் இல்லக்கா. இரிக்காங்க எண்டு ஒராள் சொல்றார், இல்ல எண்டு ஒராள் சொல்றார். நல்லதோ கெட்டதோ, உள்ளத உள்ளபடி ஆராவது சொன்னாப் போதும்."

மறுகா கையைக் கழுவிவிட்டு, "நீங்க வந்த வேலையப் பாருங்க" என்று வாளியை எடுத்துத் தந்தா.

இலக்கம் 2,870. கொப்பியில் போன தரம் நான் எழுதியிருந்தது 900. அந்த முற்றத்தில் நின்றுகொண்டு எண்ணூற்றி எண்பது என்று எழுத என் கை வரவில்லை.

மகள், நாலாம், ஆறாம், ஒன்பதாம் கிணறுகளுக்கு நான் எழுதி அனுப்பினது பொய். அவை ஒரு சொட்டும் இறங்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். இங்கே கலியாணத்துக்குப் பொண்ணுக்கு வீடு கொடுக்கிறோம். வீட்டோடு கிணறும் போகிறது. கச்சிமுகம்மது ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சபியா ராத்தா, என்ட கிணத்துக்கு என்ன போட்டீங்க? பாத்துப் போடுங்க, மூத்தவளுக்குப் பேச்சு நடக்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கனடாத் தாளில் "உப்பு" என்று ஏறிவிட்டால் நாளைக்கு அது ஊருக்குத் திரும்பி வராதா? பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீட்டுக் கிணற்றை உப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் குறைத்தால் முகம்மது தம்பிக்கும் குறைக்க வேண்டும், அவர் வீட்டிலும் பொண்ணு இருக்கிறது. அவர்களுக்குக் குறைத்தால் செல்லத்தங்கத்தின் தர்சினி மட்டும் என்ன பாவம் செய்தாள்? ஒரே மாசத்தில் குறைத்தால் நீ பிடித்துவிடுவாய் என்று நூறு, இருநூறாகக் குறைத்தேன். தொண்ணூற்றாறு எடுத்த கணக்கு இதுக்குத்தான் உதவியது.

அது நீ சொன்ன மாதிரி மண்ணுக்குள் நடந்த ஒன்று இல்லை. என் பேனைக்குள் நடந்தது.

எட்டுக் கிணற்றில்தான் வேலை, நாலையும் தொடமாட்டோம் என்று நீ எழுதினதைப் படித்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். செல்லத்தங்கத்தின் வாய்க்குப் போகிற நல்ல தண்ணியை நானே தடுத்துவிட்டேன். அந்த மனுவின் கீழே உன் பெயர், மேலே என் பொய். ஆனாலும் எழுதவில்லை. ஏன் தெரியுமா? இதைச் சொன்னால் உன் மனு விழுந்துவிடும், மனு விழுந்தால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று எனக்குள் ஒரு ஆசை வந்தது. உண்மையைச் சொல்லப் போகிறேனா, உன்னைத் திருப்பி எடுக்கப் போகிறேனா என்று எனக்கே தெரியாமல் போனது. மூன்று மாசம் அதோடுதான் இருந்தேன். இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. செல்லத்தங்கம் வாளியைத் தந்ததால் எழுதுகிறேன்.

உண்மையான இலக்கங்களை நான் எறியவில்லை. குசினிக் கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில், திகதியோடு, பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் கிழித்து இதனுடன் அனுப்புகிறேன். கடிதம் ஜூனுக்கு முன் வந்து சேர வேண்டும் என்று பதிவுத் தபாலில் போடுகிறேன். போனில் சொல்ல வெட்கமாக இருந்தது.

உன்னை ஏமாற்றின,
உம்மா


ஒன்ராறியோ
2009 ஜூன் 17

அன்பு உம்மா,

நான் சுகமாக இருக்கிறேன். இதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் மற்றதைப் படித்துவிட்டு அதைத்தான் யோசிப்பீர்கள்.

கலண்டர்த் தாள்கள் வந்தன. தரையில் பரப்பி வைத்து ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன். கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். மறுகா, பெப்ரவரித் தாளில் "இன்று றுக்ஸானாவுக்குப் பிறந்த நாள்" என்று இலக்கங்களுக்கு நடுவில் எழுதியிருந்ததைக் கண்டேன். அதற்குப் பிறகு கோபப்பட ஏலாமல் போய்விட்டது.

மனுவின் கீழே என் பெயர் என்று எழுதியிருந்தீர்கள். என் பெயர் அதில் இருக்கவில்லை உம்மா.

வதிவிடக் கடிதம் வரவில்லை. ஜனவரியில் விசாரித்தபோது இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள். ஊரார் கேள்விக்கு நீங்கள் "வருகுது, வருகுது" என்று சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்துத்தான் "எல்லாம் சரி" என்று எழுதினேன். மனு பேராசிரியரின் பெயரில் தயாராகிக்கொண்டிருந்தது. வதிவிடம் இல்லாதவளுக்கு உதவியாளர் இடம்தான். நம் கிணறுகளை அவரிடம் கொடுத்துவிட்டேன், உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் நூறு, இருநூறாகக் குறைத்தீர்கள். நான் ஒரே வரியில் குறைத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பேராசிரியருக்கு வாசித்து மொழிபெயர்த்தேன். அவர் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தார். "இந்த வருஷம் மனு இல்லை" என்றார். சுவரில் இருந்த தாளை அவர் கழற்றவில்லை. அதன் பக்கத்தில் உங்கள் கலண்டர்த் தாள் ஒன்றையும் ஒட்டினார். பன்னிரண்டு கிணற்றையும் சேர்த்துப் புதிதாக எழுதுவோம், எனக்கு வதிவிடம் வந்த பிறகு, என் பெயரிலேயே என்றார். எப்போது வருமென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்த விசாவோடு வெளியே வந்தால் திரும்ப விடுவார்களா என்று விசாரிக்கிறேன். விட்டாலும் விடாவிட்டாலும் ஒரு தரம் வந்து நானே அளக்க ஆசை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இறங்கின கிணறு நாலு. நீங்கள் சொன்னது மூன்று. கலண்டர்த் தாள்களில் பன்னிரண்டாவது கிணற்றுக்கு இலக்கமே இல்லை.

உங்கள் மகள்,
றுக்ஸானா


கல்முனைக்குடி
2009 ஜூலை 12

என் மகள் றுக்ஸானாவுக்கு, உன் மீது சாந்தி உண்டாகட்டும்.

முழங்கால் உட்பட எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, மெஷினையும் தூக்கிக்கொண்டு முதலில் கச்சிமுகம்மது வீட்டுக்குப் போனேன். உண்மையான இலக்கத்தைத்தான் இனி எழுதுவேன், மூத்தவளின் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியவந்தால் என்னைத் திட்டுங்கள் என்றேன். மனிசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"ராத்தா, பொண்ணு பாக்க வந்த அண்டைக்கு நாங்க சவளக்கடயில இரிந்து ரெண்டு கலன் தண்ணி எடுப்பிச்சித்தான் தேத்தண்ணி ஊத்தின."

"அவங்க கண்டுபிடிக்கல்லியா?"

"மாமியாக்காரி ஒரு முறடு குடிச்சிப்போட்டு, இது எந்த ஊர்த் தண்ணி எண்டு கேட்டா. கலன் தண்ணி எண்டன். எங்கட ஊட்டுலயும் அதான் எண்டு சொல்லிப்போட்டு மிச்சத்தையும் குடிச்சா."

முகம்மது தம்பி வீட்டில் ஆளில்லை, நாளைக்குப் போவேன். செல்லத்தங்கத்திடம் சொன்னபோது, "எனக்குத் தெரியாதாக்கா, நான்தானே குடிக்கிற" என்றா. அவவின் தங்கச்சி இருக்கிறா, முகாமில். பிள்ளைகள் இரண்டும் கூடவே. புருஷனைப் பற்றி இன்னும் தெரியாது. அதையும் உள்ளபடி சொன்னா.

மறுகா விதானையாரிடம் போய், கடுதாசி வரவில்லை, நான் ஊருக்குச் சொன்னது பிழை என்றேன். அவர், "வரும். வராட்டி நான் இன்னொண்டு எழுதித் தாறன்" என்றார்.

இனி நீ கேட்டது.

நீ பிறந்த நாற்பதாம் நாள் வாப்பா இந்தக் கிணற்றை வெட்டத் தொடங்கினார். பொண்ணு பிறந்திருக்கு, வீட்டுக்கு முதல் தண்ணி வேணும் என்றார். தண்ணி ஊறின அன்று உன்னைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வாளியை என்னைக் குடிக்கச் சொன்னார். அந்த இனிப்பு எனக்கு இன்னும் தெரியும். அதனால்தான் மெஷின் காட்டினதை என்னால் கலண்டரில்கூட எழுத முடியவில்லை. மற்ற மூன்றையும் ஊருக்காகக் குறைத்தேன். இதை உனக்காகக் குறைத்தேன். அந்தப் பக்கம் உன்னுடைய பீ.ஆர். கடுதாசி, இந்தப் பக்கம் என்னிடம் என்ன இருக்கிறது? ஓடு மாற்றின ஒரு அறையும், குடிக்க ஏலாத ஒரு கிணறும். கிணறாவது இனித்தால் வருவாய் என்று நினைத்தேன்.

சுனாமிக்குப் பிறகு இன்றுவரை நான் குடிப்பது லொறியில் வருகிற பவுசர் தண்ணி. அதிலும் கொஞ்சம் உப்புத்தான், பேத்தியின் தேத்தண்ணிக் கோப்பை காட்டினது அதைத்தான்.

இப்போது சொல்லிவிட்டேன். உப்பென்று தெரிந்தும் வருவதென்றால் வா. வர ஏலாவிட்டால் உன் கடுதாசி கெதியாகக் கிடைக்கட்டும் என்று அஸர் தொழுகைக்குப் பிறகு துஆக் கேட்கிறேன். இரண்டையும் கேட்கிறேன். எதை முதலில் கேட்கிறேன் என்று நீ கேட்காதே.

கொப்பியில் உரியவர் என்று ஒரு கோடு போட்டுத் தந்திருந்தாய். எங்கட கிணற்றுக்கு மட்டும் அதை வெறுமையாகவே விட்டிருந்தேன். இன்று காலை வயரை விட்டு, இலக்கம் ஆடாமல் நிற்கும்வரை நின்று, அதையும் நிரப்பினேன். ஏழை ஏழு மாதிரியே எழுதியிருக்கிறேன் என்று பேராசிரியருக்குச் சொல்.

உன் உம்மா,
சபியா உம்மா

கிணறு: 12
திகதி: 2009.07.12
உரியவர்: பக்கீர் முகைதீன் றுக்ஸானா, கல்முனைக்குடி
இலக்கம்: 3,170